1913: வேல்ஸில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாட்டில் அந்த ஆண்டு யார் யார் பிறந்தார்கள், யார் யார் போனார்கள் என்று இரண்டு வரிசையாக எழுதிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கப் போய் ஒட்டிக்கொண்ட பழக்கம். வேல்ஸுக்கு 1913ஐ எடுத்தேன். பட்டியலைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும், நானே என்னைக் கேட்டுக்கொண்ட சிலவும் கீழே.

வேல்ஸுக்கு ஏன் குறிப்பாக 1913?

கரிதான் காரணம். அந்த ஆண்டு தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் வெட்டி எடுத்த நிலக்கரி ஏறத்தாழ 5.7 கோடி டன். அதற்கு முன்னும் அவ்வளவு எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுரங்க வேலையில் இருந்தார்கள். கார்டிஃபும் அதன் பக்கத்து ஊரான பேரியும் போட்டி போட்டுக்கொண்டு கப்பல்களை நிரப்பி அனுப்பின. அந்த ஆண்டு பேரி கார்டிஃபையே முந்திவிட்டது. ஒரு வருடம் கழித்து உலகப் போர் வந்தது, அப்புறம் கணக்கே மாறிவிட்டது.

ஆக, நாடு உச்சத்தில் இருந்த ஆண்டு. அதே ஆண்டில்தான் அந்த நாட்டின் மிகப் பெரிய சாவும் விழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆண்டு பிறந்தவர்களில் முக்கியமானவர்கள் யார்?

என் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் மூவர், மூவருமே மார்ச் மாதக் குழந்தைகள். மார்ச் 12இல் ரோண்டா பள்ளத்தாக்கின் கிளிடாக் வேலில் டாமி ஃபார், குத்துச்சண்டைக்காரர். மார்ச் 29இல் கார்டிஃபில் ஆர். எஸ். தாமஸ், கவிஞர், பாதிரியார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 31இல், பேரிக்கு அருகே டாய் ரீஸ், கோல்ஃப் ஆட்டக்காரர்.

இந்த மாதிரிப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மறைந்தவர்கள் வரிசை அந்த ஆண்டே நிரம்பிவிடும், மறுநாள் பத்திரிகையே எழுதிவிடும். பிறந்தவர்கள் வரிசை நிரம்பப் பல வருடம் ஆகும். 1913 டிசம்பரில் யாராவது உட்கார்ந்து இதை எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

ஆர். எஸ். தாமஸ் எழுதியது ஆங்கிலத்தில்தானே? அவரை எப்படி வெல்ஷ் கவிஞர் என்கிறீர்கள்?

இந்தக் கேள்வி அவரையே வாழ்நாள் முழுக்கக் குடைந்தது. வீட்டில் ஆங்கிலம். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். சிறுவயதில் குடும்பம் ஹோலிஹெட் துறைமுகத்துக்குக் குடிபோனது. தாமஸ் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். 1942இல் மனாவன் என்ற மலைக்கிராமத்துக்குப் பொறுப்பாகப் போனார். வெல்ஷ் மொழியை அவர் கற்றது முப்பது வயதை ஒட்டித்தான்.

நன்றாகப் பேசினார், உரைநடையும் எழுதினார். ஆனால் கவிதை மட்டும் அந்த மொழியில் வரவில்லை என்று அவரே நினைத்தார். தாய்மொழியாக இருந்திருக்க வேண்டிய மொழியில் பாட முடியாமல், தான் வெறுத்த ஆதிக்கத்தின் மொழியில் பாடிக்கொண்டிருந்த மனிதர். அந்தக் கசப்பு அவருடைய வரிகளில் தெரியும். குளிரில் நிலத்தைக் கிளறிக்கொண்டு நிற்கும் இயாகோ ப்ரிதெர்க் என்ற விவசாயியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். அவனைப் பார்த்து இரங்குகிறாரா, எரிச்சல்படுகிறாரா, பொறாமைப்படுகிறாரா என்று சில இடங்களில் சொல்லவே முடியாது. நான் அவரைப் படிப்பது அதற்காகத்தான்.

தன் வரலாற்றை மட்டும் வெல்ஷில் எழுதினார், 1985இல் வந்தது. தலைப்பு 'நேப்'. தமிழில் சொன்னால் 'யாருமில்லை', 'ஒருவனுமில்லை' என்று வரும். அதிலும் 'நான்' என்று எழுதவில்லை, தன்னையே 'அவர்' என்று படர்க்கையில் வைத்து எழுதியிருக்கிறார். கடைசியாகப் பணியாற்றியது கடலோர ஊரான அபெர்டாரனில், 1967 முதல் 1978 வரை. 2000 செப்டம்பரில் மறைந்தார்.

டிலன் தாமஸ் இவருடைய தம்பியா?

இல்லை. சொந்தமே இல்லை. இன்னொரு வெல்ஷ் கவிஞரான டிலன் தாமஸ் பிறந்தது 1914 அக்டோபர் 27, ஸ்வான்ஸியில். அவருக்கு வெல்ஷ் பேச வராது. வேல்ஸில் தாமஸ் என்ற பெயர் நம் ஊர் முருகன், குமார் மாதிரி, எங்கே திரும்பினாலும் ஒருவர் இருப்பார்.

அதென்ன, எல்லோருக்கும் ஜோன்ஸ், எவன்ஸ், தாமஸ் என்றே பெயர்?

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குக் கஷ்டமே இருக்காது. பழைய வெல்ஷ் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவது போல, அவர்கள் 'ஆப்' என்று நடுவில் போட்டு அப்பா பெயரைச் சொல்வார்கள். 'ஆப்' என்றால் மகன். தாவித் ஆப் ரீஸ் என்றால் ரீஸின் மகன் தாவித். ஆங்கிலச் சட்டமும் பதிவேடுகளும் நிலையான குடும்பப் பெயர் கேட்டபோது, அந்த நேரத்தில் அப்பா பெயர் எதுவோ அதுவே தலைமுறை தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆண்களுக்கு வைக்கும் பெயர்களும் அப்போது குறைவு, யோவான், தாவீது, தோமா என்று கைவிட்டு எண்ணிவிடலாம். விளைவு, ஊர் முழுக்க ஜோன்ஸ், அதாவது யோவான் வழிப் பெயர்.

சில பெயர்களில் அந்த 'ஆப்' உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆப் ரீஸ் என்பது ப்ரைஸ் ஆயிற்று, ப்ரீஸ் ஆயிற்று. ஆப் ஹவல் பாவெல் ஆனது. ஆப் எவன் பெவன் ஆனது. மேலே சொன்ன ப்ரிதெர்க் கூட ஆப் ரிதெர்க்தான். என் பட்டியலில் பிறந்தவர் வரிசையில் ஒரு ரீஸ் இருக்கிறார், மறைந்தவர் வரிசையில் ஒரு ப்ரீஸ் இருக்கிறார். இரண்டும் ஒரே பெயர்!

ஒரே தெருவில் ஐந்து ஜோன்ஸ் இருந்தால் என்ன செய்வது? தொழிலை ஒட்டிவிடுவார்கள். பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ். நம் பால்கார மாமா, தையல்கார அண்ணன் கதைதான்.

டாமி ஃபார் தோற்ற சண்டைக்காகவா புகழ் பெற்றார்?

ஆமாம். சிறுவனாகவே சுரங்கத்துக்குப் போனவர். திருவிழாக் கூடாரங்களில் காசுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர். சுரங்கத்தில் அடிபட்டால் காயத்துக்குள் கரித்தூள் புகுந்துவிடும், ஆறிய பிறகும் பச்சை குத்தியது போல நீலத் தழும்பு நிற்கும். ஃபாரின் உடம்பில் அந்தத் தழும்புகள் இருந்தன. வெல்ஷ்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே போதும், 'நம்மாள்' என்று தெரிந்துவிடும்.

1937 அவருடைய ஆண்டு. மார்ச்சில் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டம், ஏப்ரலில் முன்னாள் உலக சாம்பியன் மேக்ஸ் பேயருக்கு எதிராக வெற்றி, ஜூனில் ஜெர்மனியின் வால்டர் நாய்சலை மூன்றாவது சுற்றில் சாய்த்தார். ஆகஸ்ட் 30 இரவு நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸை எதிர்கொண்டார். லூயிஸ் அந்த ஜூன் மாதம்தான் உலகப் பட்டம் வென்றிருந்தார், முதல் முறையாக அதைக் காத்துக்கொள்ள இறங்குகிறார். ஃபார் சில சுற்றுகளிலேயே விழுந்துவிடுவார் என்பதுதான் அமெரிக்கர்களின் கணக்கு.

அவர் விழவே இல்லை. 15 சுற்றும் நின்றார். கண்ணைச் சுற்றி வெட்டு, முகமெல்லாம் ரத்தம், ஆனாலும் முன்னேறிக்கொண்டே இருந்தார். புள்ளிக் கணக்கில் லூயிஸுக்கு வெற்றி. வேல்ஸில் அப்போது விடிகாலை. பள்ளத்தாக்குகளில் ஜனங்கள் தூங்காமல் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு தப்பு என்று வாதாடும் ஆட்கள் ரோண்டாவில் பல காலம் இருந்தார்கள். என்னைக் கேட்டால் லூயிஸ்தான் வென்றார், ஆனால் அதை அந்தப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

ஃபார் இறந்தது 1986 மார்ச் 1. வேல்ஸின் காவல் புனிதரான தூய தாவீதின் திருநாள் அது.

டாய் ரீஸ்?

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1957இல் லிண்ட்ரிக் மைதானத்தில் அமெரிக்காவை வீழ்த்தி ரைடர் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியின் கேப்டன். 1933க்குப் பிறகு அதுதான் முதல் வெற்றி, அடுத்த வெற்றி வர 1985 ஆனது. பிபிசி அந்த ஆண்டின் விளையாட்டு ஆளுமையாக அவரைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் மூன்று முறை இரண்டாம் இடம், ஒரு முறையும் முதலிடம் இல்லை.

சரி, மறைந்தவர்கள்?

இங்கேதான் ஒரு விநோதம். பெரிய பெயர்கள் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் போயின. நவம்பர் 6 அன்று வில்லியம் ஹென்றி ப்ரீஸ், நவம்பர் 7 அன்று ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

ப்ரீஸ் வடக்கு வேல்ஸின் கார்னார்வனில் 1834இல் பிறந்து, வெளியே உயர்ந்து, கடைசியில் அதே ஊர்ப்பக்கம் வந்து கண்ணை மூடியவர். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர். தந்தியும் தொலைபேசியும் அவர் கையில்தான் இருந்தன. அவரைப் பற்றிச் சொன்னாலே ஒரு சிரிப்பு எழும். 1879இல் நாடாளுமன்றக் குழு ஒன்று தொலைபேசி பற்றி விசாரித்தபோது, அமெரிக்காவில் வேண்டுமானால் அது தேவைப்படலாம், இங்கே நமக்குத் தகவல் கொண்டுபோக எடுபிடிப் பையன்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள் என்கிற பொருளில் சாட்சி சொன்னார். இந்த ஒரு பேச்சுக்காகவே ஆளைக் கேலி செய்வது நியாயமில்லை. மார்க்கோனி என்ற இருபத்தொரு வயது இத்தாலிய இளைஞன் ஒரு பெட்டியோடு லண்டன் வந்தபோது, அவனை நம்பி ஆளும் இடமும் கொடுத்தவர் இதே ப்ரீஸ்தான்.

1897 மே 13. கார்டிஃபுக்குத் தெற்கே லாவர்னாக் முனை. எதிரே கடலுக்குள் சுமார் 5 கிலோமீட்டரில் ஃப்ளாட் ஹோம் என்ற சின்னத் தீவு. கம்பி இல்லாமல், வானொலி அலை வழியே கடலைத் தாண்டிய முதல் செய்தி அங்கேதான் போனது. மார்க்கோனிக்கு உதவியாக நின்ற ஜார்ஜ் கெம்ப், தபால் துறை ஆள். செய்தி ஒன்றும் காவியம் இல்லை. 'தயாரா?' என்பதுதான்.

வாலஸ் உண்மையில் வெல்ஷ்காரரா? டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படுபவர்தானே?

அவரேதான். 1858இல், இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் ஒன்றிலிருந்து, இயற்கைத் தேர்வு பற்றி டார்வினுக்குக் கட்டுரை எழுதி அனுப்பி அவரைத் தூக்கிவாரிப்போட வைத்தவர். அந்த ஜூலை 1 அன்று லண்டனின் லின்னேயன் அறிவியல் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன.

பிறந்தது 1823 ஜனவரி 8, அஸ்க் ஊரை ஒட்டிய லான்படாக்கில். ஐந்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. பெற்றோர் வெல்ஷ்காரர்கள் இல்லை. தலைமுடி வெளிர்மஞ்சளாக இருந்ததால் அஸ்க் பக்கத்து வெல்ஷ் ஜனங்கள் தன்னைக் 'குட்டி சாக்சன்' என்று கூப்பிட்டதாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாக்சன் என்றால் அவர்கள் வாயில் ஆங்கிலேயன். பிறந்த ஊரே அந்நியன் என்று சொல்லிவிட்டது! போதாக்குறைக்கு அந்த ஊர் இருக்கும் மன்மத்ஷயர் மாவட்டமே வேல்ஸைச் சேர்ந்ததா, இங்கிலாந்தைச் சேர்ந்ததா என்பதில் நூற்றாண்டுக் கணக்காகக் குழப்பம். 1972இல் போட்ட சட்டம்தான் அதைத் தீர்த்தது.

அப்படியானால் எதற்குப் பட்டியலில்? இளைஞனாக மறுபடி வேல்ஸுக்கு வந்தார். அண்ணனோடு நீத் ஊர்ப்பக்கம் நில அளவை வேலை. சங்கிலியைப் போட்டு வயல்களையும் மலைச்சரிவுகளையும் அளந்துகொண்டு நடந்த அந்த வருடங்களில்தான் செடிகொடிகளைக் கவனிக்க ஆரம்பித்தார், வண்டு சேகரித்தார். நீத்தில் தொழிலாளர் கல்விக் கூடத்துக்குச் சகோதரர்கள் வரைந்து கொடுத்த கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து 1848இல் அமேசானுக்குக் கப்பல் ஏறினார். பிறப்புச் சான்றிதழுக்காக அவரைச் சேர்க்கவில்லை, நீத் மலைச்சரிவுகளுக்காகச் சேர்த்தேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அவர் பெயரை அடித்துவிட்டுப் படிக்கலாம்.

எட்கர் எவன்ஸ் பெயர் விட்டுப்போயிற்றா?

விடவில்லை, அவர் 1912இல் இறந்தவர். ஆனால் கேட்டது சரியான கேள்வி. பிரிட்டிஷ் கேப்டன் ஸ்காட்டின் தென் துருவப் பயணத்தில் கடைசிக் கட்டம் வரை போன ஐவரில் ஒருவர், தெற்கு வேல்ஸின் கவர் தீபகற்பத்து ரோஸிலி ஊர்க்காரர். திரும்பும் வழியில் 1912 பிப்ரவரி 17 அன்று, ஐவரில் முதலாவதாக இறந்தார். கப்பலில் வயர்லெஸ் கிடையாது. ஸ்காட் குழு அழிந்த செய்தி 1913 பிப்ரவரி 10 அன்று அவர்களுடைய கப்பல் டெர்ரா நோவா நியூசிலாந்துக் கரையை அடைந்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், மனைவி லோயிஸுக்கு அவர் உயிரோடு இருந்தார்.

அந்த ஜூன் 14 அன்று டெர்ரா நோவா கார்டிஃபுக்குத் திரும்பி வந்தது. மூன்று வருடம் முன்பு கரியும் பணமும் கொடுத்து வழியனுப்பிய ஊர் அது. சாவு 1912 கணக்கு, துக்கம் 1913 கணக்கு. என் வரிசைகளில் இதற்கு இடமில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 14 அன்று என்ன நடந்தது?

கேர்ஃபிலிக்கு வடக்கே ஆபர் பள்ளத்தாக்கின் முடிவில் செங்ஹெனித் என்ற சுரங்க ஊர். அங்கே யுனிவர்சல் சுரங்கம். காலை ஷிப்டில் 950 பேர் வரை கீழே இறங்கியிருந்தார்கள். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் வெடித்தது. முதலில் மீத்தேன் வாயு பற்றியது. அந்த வெடிப்பு, சுரங்கப் பாதைகளில் படிந்திருந்த கரித்தூளைக் கிளப்பிவிட்டது. கிளம்பிய தூள் பற்ற, அது அடுத்த தூளைக் கிளப்ப, சுரங்கத்தின் மேற்குப் பகுதி முழுக்கச் சங்கிலித்தொடராக எரிந்தது. கிழக்குப் பகுதியில் இருந்தவர்கள் மேலே வந்தார்கள். மேற்கில் தீயும் நச்சுக்காற்றும் தடுத்ததால் மீட்பவர்களால் வேகமாக நெருங்க முடியவில்லை. மறுநாள் விடிவதற்குள் 18 பேரை உயிரோடு கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் சடலங்கள்.

இறந்தவர்கள் 439 பேர். மீட்கப் போன ஒருவரும் இறந்ததால் 440 என்றும் சொல்வார்கள். பதினான்கு வயதுப் பையன்களும் அதில் உண்டு. பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. இதே சுரங்கம் 1901லும் வெடித்து 81 பேரைக் கொன்றிருந்தது. ஊருக்குத் தெரியாத ஆபத்து இல்லை.

மின்சாரச் சமிக்ஞை மணியின் பொறியிலிருந்து பற்றியிருக்கலாம் என்றது விசாரணை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறு: தீப்பிடித்தால் காற்றோட்டத்தை உடனே எதிர்த்திசைக்குத் திருப்பும் வசதி விசிறியில் இருக்க வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது, இங்கே அது செய்யப்படவில்லை. வழக்கு நடந்தது. மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். நிறுவனத்துக்கு முதலில் ஒன்றுமில்லை, மேல்முறையீட்டுக்குப் பிறகு 10 பவுண்டு. மேலாளரின் 24 பவுண்டைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு ஷில்லிங் ஒரு பென்னிக்குக் கொஞ்சம் மேல் (அப்போது பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி). உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் கணக்கையே தலைப்பாகப் போட்டது.

அந்த 439 பேரும் உங்கள் பட்டியலில் ஏன் இல்லை?

'குறிப்பிடத்தக்கவர்' என்ற விதிதான். தனியாகப் பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு வரி, மற்றவர்களுக்கு எண்ணிக்கை. எல்லாப் பட்டியல்களும் அப்படித்தான் இயங்குகின்றன, என்னுடையதும்தான். ஒருமுறை 439 பெயர்களையும் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். எவன்ஸ், எவன்ஸ், எவன்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த இரண்டு வரி ஒன்றாக இருக்கிறதே, தவறுதலாக இரண்டு தடவை அடித்துவிட்டேனா என்று முகவரியைப் பார்த்தால் வேறு வீடு. சில இடங்களில் வீடும் ஒன்றேதான், அப்பாவும் மகனும். பாதியில் எழுந்துவிட்டேன்.

பெயர்களைப் படிக்க வேண்டுமென்றால் செங்ஹெனித்திலேயே இருக்கின்றன. நூறாவது ஆண்டில், 2013 அக்டோபர் 14 அன்று, வேல்ஸ் நாட்டின் தேசியச் சுரங்க நினைவிடத்தை அங்கேதான் திறந்தார்கள்.

பெண்களே இல்லையே?

இல்லை, எனக்கும் உறுத்துகிறது. பிறப்பு இறப்பு என்ற சட்டகத்துக்குள் பார்த்தால் அந்த ஆண்டில் என் கைக்கு யாரும் அகப்படவில்லை. சட்டகத்துக்கு வெளியே ஒருவர் உண்டு. மார்கரெட் ஹெய்க் தாமஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1913இல் நியூபோர்ட்டில் ஒரு தபால் பெட்டிக்குள் ரசாயனக் குண்டு போட்டு எரிக்கப் பார்த்தார். 10 பவுண்டு அபராதம். கட்ட மாட்டேன் என்றார், அஸ்க் சிறைக்கு அனுப்பினார்கள், உண்ணாவிரதம் இருந்து ஐந்து நாளில் வெளியே வந்தார். வாலஸ் பிறந்த இடத்தை ஒட்டிய அதே அஸ்க். மார்கரெட்டின் அப்பா டி. ஏ. தாமஸ் பெரிய சுரங்க முதலாளி, டாமி ஃபார் பிறந்த கிளிடாக் வேல் சுரங்கங்கள் அவருடையவை. சின்ன நாடு, எந்த நூலை இழுத்தாலும் இன்னொரு முடிச்சு அசைகிறது.

தபால் பெட்டிக்கு 10 பவுண்டு, செங்ஹெனித் நிறுவனத்துக்கும் 10 பவுண்டு. இதை நான் தேடிக் கோத்ததில்லை, இரண்டு தாளும் தற்செயலாக மேசையில் பக்கத்தில் கிடந்தன.

இந்தப் பெயர்களை எப்படித்தான் உச்சரிப்பது?

பயப்படுகிற அளவுக்கு இல்லை, எழுதியபடியே படிக்கிற மொழி. ஒற்றை 'எஃப்' வந்தால் 'வ', அதனால்தான் கார்னார்வன், மனாவன். செங்ஹெனித்தின் கடைசியில் இரண்டு 'டி' சேர்ந்து வரும். ஆங்கிலேயர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, நமக்கு வேண்டாம். 'அது', 'இது' என்று சொல்லும்போது வருகிற 'த' இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

லான்படாக்கின் தொடக்கத்தில் வரும் இரட்டை 'எல்' மட்டும் தமிழில் இல்லை. 'ல' சொல்ல நாக்கை மேலே வைத்து, குரல் கொடுக்காமல் இரண்டு பக்கமும் காற்றை மட்டும் ஊத வேண்டும். வெளியூர்க்காரர்கள் 'ழ'வோடு படும் பாட்டை நினைத்துக்கொண்டு முயன்று பாருங்கள், எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.